மூன்று மாத மன்னர் காசுகள்

உரோமப் பேரரசர் வரிசையில் ஒத்தோ என்பவன் கி.பி. 69-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் அரசெய்தி, ஏப்பிரல் 16-ஆம் நாள் தன் கையாலேயே மாண்டான். அவ்வோராண்டில் கல்பா, ஒத்தோ, விதெல்லியசு, வெசுபாசியன் என நால்வர் உரோமை ஆண்டனர். ஒத்தோ ஆண்ட காலம் மூன்று திங்களே எனினும், பொன்னிலும் வெள்ளியிலும் தன் தலை பொறித்த காசுகளை அவன் வெளியிடத் தவறவில்லை. அவற்றுட் சிலவற்றில் 'உலகெங்கும் அமைதி' என்னும் பொருள்படும் தொடர் காணப்படுகிறது. உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நாட்கள் அவை!

இத்துணை விரைவு ஏன் எனின், படைவீரர்க்குப் பொருள் வழங்காத மன்னன் உரோமில் நிலைத்தல் அரிது. அன்றியும் செய்தித்தாள் இல்லாத அக்காலத்தே, அரசன் மாறினான் என்பதை மாகாணங்களுக்கு அறிவித்தது காசே. கி.பி. 193-இல் தீதியசு சூலியானசு என்பான் அரண்மனைக் காவற்படையினர் விட்ட ஏலத்தில் அரியணையை விலைக்கு வாங்கி 66 நாட்கள் ஆண்டான். அவன் காசும் உண்டு. கி.பி. 238-இல் பால்பினசு, புபியேனசு என்னும் இருவர் ஒருங்கே ஆண்டு, ஒருவரையொருவர் ஐயுற்று, ஒரே நாளிற் கொலையுண்டனர். அவர்தம் காசுகளிலோ இரு கைகள் கோத்திருக்கும் உருவமும், ஒருவர் மீது ஒருவர் கொண்ட அன்பைப் புகழும் எழுத்தும் உள்ளன.

ஐரோப்பியச் சேகரிப்பாளர் இக்காசுகளைப் பெரிதும் விரும்புவர். ஆட்சி குறுகினாற் காசு குறையும். காசு குறைந்தால் விலை ஏறும். ஒத்தோவின் பெயரால் உரோம நகர அக்கசாலை செம்புக் காசு அடிக்கவில்லை. ஆதலின் அதனைத் தேடி அலைந்தோர் போலிகளை வாங்கி ஏமாந்ததும் உண்டு.

தமிழகத்தில் நிலை வேறு. கோவைக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த 522 வெள்ளிக் காசுகளுள் மிகப் பெரும்பாலன அகசுடசு, திபேரியசு என்னும் இருவருடையவை. இருவரும் நெடுங்காலம் ஆண்டவர். குறுங்கால மன்னர் காசுகள் இங்கு அருகியே காணப்படுவதற்கு, அவை குறைவாக அடிக்கப்பெற்றமை ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் காசின் நிறையைக் குறைத்தான். முன்பு ஒரு இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தவர், அதன்பின் 96 அடித்தனர். மிளகு வாங்க வந்த வணிகன் பழைய நிறைக் காசையே பொறுக்கிக் கொண்டுவந்தான். ஒத்தோ முதலானோர் காசுகள் அனைத்தும் நிறை குறைந்த பின்னர்ப் பிறந்தவை.

நம்மவர் முகத்தை நோக்கவில்லை, நிறையையே நோக்கினர் என்பதற்குப் பிளினி தரும் செய்தி ஒன்று துணை செய்கிறது. காற்றால் அலைப்புண்டு இலங்கை சேர்ந்த உரோமன் ஒருவன் வைத்திருந்த காசுகளைக் கண்ட அந்நாட்டு மன்னன், தலைகள் வெவ்வேறாயிருந்தும் எடை ஒன்றாயிருத்தல் கண்டு வியந்தானாம்! புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளுள் மிகப் பலவற்றில் மன்னன் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. பொன்னின் உள்ளீட்டைச் சோதித்தது என்பாரும், காசாக வழங்காதவாறு செய்தது என்பாரும் உளர். பின்னதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சோதிப்பதற்கு முகத்தையே தேடி வெட்ட வேண்டுவதில்லை. எவ்வாறாயினும், உரோம மன்னர்பால் தமிழர் கொண்ட மதிப்புக்கு இக்காசுகள் சான்று என மேடைகளிற் பேசுவோர் அத்தழும்பை ஒருமுறை காணுதல் நன்று.

சப்பானியர் மலாயாவை ஆண்ட மூன்றரை ஆண்டில் வழங்கிய வாழைமரத் தாள்கள் 1945-இல் குப்பையானதைத் தெப்ராவ்த் தோட்டத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாளுக்கு அரசின் சொல்லே மதிப்பு. பொன்னுக்கு அத்தகைய துணை வேண்டுவதில்லை. தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழ் எழுத்துப் பொறித்த உரைகல் ஒன்று கிடைத்தது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்பர். கடல் கடந்து வந்த அத்தமிழ்ப் பொற்கொல்லன் எந்நாட்டுப் பொன்னையும் அக்கல்லில் உரைத்தே மாற்றறிந்திருப்பான்.

கரூர் அமராவதி ஆற்று மணலில் பிற்கால உரோமச் செம்புக் காசுகள் மிகுதியாகக் கிடைத்தன. மணலை அரித்தோரிடமிருந்து அவை கடைகளுக்கும், பின்னர்ச் சேகரிப்பாளர் கைக்கும் சென்றன. அவற்றைத் திரட்டி ஆராய்ந்து 1994-இல் நூலாக்கியவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் முயலாதிருப்பின் பல காசுகள் உருக்கப்பட்டிருக்கும். ஆயினும் எக்காசு எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பதை இனி எவராலும் கூற இயலாது.

இதனை மற்றொரு காசோடு ஒப்பிடலாம். கால் நாட்டைத் தனியரசாக ஆண்டு, ஈராண்டளவில் தன் அலுவலன் ஒருவனாற் கொலையுண்டவன் விக்தோரினசு. கொலோன் நகரில் அடித்த அவன் காசு ஒன்று தாய்லாந்தின் ஊதோங்கில் கிடைத்துள்ளது. அதுகொண்டு உரோமர் அங்கு வந்தனர் எனல் பொருந்தாது. பல கை மாறி, பல்லாண்டு கழித்தும் வந்திருக்கலாம். எனினும் இக்கிழக்குக் கரைகளின் வாணிகம் பற்றி எழுதுவோர் அதனைக் குறிப்பிடாமற் செல்வதில்லை. இத்தனைக்கும் விக்தோரினசின் காசுகள் ஐரோப்பாவில் ஏராளம். ஏலத்தில் சிறுதொகைக்கே கிடைக்கும்.