மலையகத் தாய்மாரும் பாலூட்டற் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் அகலப் பாதைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில், ஏறத்தாழ 6200 அடியில், அமைந்திருப்பது பட்டிப்பொல. அடுத்த நிலையமான அம்பேவெல பாற்பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. ஆதலால் இப்பகுதியிற் பால் என்றதும் பண்ணையே நினைவுக்கு வருகின்றது. ஆயின், இங்கிருந்து நானுஓயா, ஹட்டன் நோக்கி இறங்கும் பாதையின் இருமருங்கும் கொழுந்து பறிக்கும் தாயின் பாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிற் சுகாதார ஊழியரின் பயிற்சி பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொடக்கம், தோட்டத் தொழிலாளரின் வைத்தியம் தனியானதொரு பிரிவாகவே கருதப்பட்டு வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. வீடுதோறும் செல்லும் மருத்துவிச்சியைக் கொண்ட அம்முறை பின்னர் கிராமங்களிற் பரவியது. தோட்டத்திலோ டிஸ்பென்சரும் மருத்துவிச்சியும் துரையின் நிர்வாகத்துக்குட்பட்ட ஊழியராகவே நீண்டகாலம் இருந்தனர். தாயின் நலமும் பெரட்டின் ஆட்கணக்கும் முரண்பட்ட வேளையில் அவர்கள் எப்பக்கம் நிற்க முடிந்தது என்பது ஊகித்தற்கு அரிதன்று.

1939ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது அவ்வாண்டிலாகும். சிங்கப்பூரிற் பணியாற்றிய வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், ‘பாலும் கொலையும்’ என்னும் பொருளில் றோட்டரி கழகத்தில் உரையாற்றியதும் அவ்வாண்டிலேயே. தாய்ப்பாலுக்கு மாற்றாகப் புட்டிப்பாலைப் புகுத்தும் விளம்பரம் குழந்தைகளைக் கொல்கின்றது என அவர் குற்றஞ்சாட்டினார். ஒன்று தாயின் ஓய்வைப் பற்றியது. மற்றது சந்தையின் ஆற்றலைப் பற்றியது. இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை என்பதை உலகம் உணர நாற்பதாண்டுகள் சென்றன.

1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. தோட்டப்புறச் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியிலும் மிக உயர்ந்திருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுணவுகளின் விற்பனை பற்றிய சர்வதேச நெறிக்கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கையும் தனக்கென ஒரு நெறிக்கோவையை வகுத்துக்கொண்டது.

விளம்பரத்தைத் தடுத்தல் மட்டும் போதாதென்பது விரைவிற் புலனாயிற்று. உலகின் பல வைத்தியசாலைகளிற் பிறந்த குழந்தையைத் தாயினின்று பிரித்து வைத்தோரும், குளுக்கோசு நீர் புகட்டியோரும், கடிகாரம் பார்த்துப் பாலூட்டச் சொன்னோரும் சுகாதார ஊழியரே. ஆகவே 1989இல் உலக சுகாதாரத் தாபனமும் யுனிசெப்பும் வெளியிட்ட பத்துப் படிகளுள் இரண்டாவது படி, ஊழியர் அனைவருக்கும் பயிற்சி அளித்தல் என்பதாயிற்று. 1991இல் தொடங்கிய குழந்தை நேய வைத்தியசாலைத் திட்டம் 18 மணித்தியாலப் பயிற்சியை வகுத்தது. 1993இல் 40 மணித்தியால ஆலோசனைப் பயிற்சி வெளிவந்தது. குழந்தையை மார்பிற் பொருந்தப் பிடித்தல், பாலைக் கையாற் கறத்தல், புட்டியை விடுத்துக் கிண்ணத்தால் ஊட்டல் ஆகியன அதிற் கற்பிக்கப்பட்டன. சங்கினாற் பாலூட்டிய நம் பாட்டிமார்க்குப் புட்டியை விலக்கும் இப்பாடம் புதிதன்று. அறிவுரை கூறுமுன் தாய் சொல்வதைக் கேட்டல் வேண்டும் என்பதே அப்பயிற்சியின் முதன்மையான பாடமாகும்.

மலையகத் தாயிடம் கேட்டால் அவள் கூறக்கூடியது யாது? “பால் இல்லை” என்பதே. இதனை அறியாமை என ஒதுக்குதல் தவறு. குழந்தை உறிஞ்சுந்தோறும் பால் ஊறும். மார்பில் நெடுநேரம் தேங்கினால் ஊறுதல் குறையும். காலையிற் பிள்ளைக்காம்பராவில் விட்ட குழந்தையை மலையேறிய தாய் எத்தனை முறை காணலாம் என்பதே இங்கு வினா. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணித்தியாலத்துள் இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உரியவை. பிள்ளைக்காம்பரா உள்ளவிடத்து ஒவ்வொன்றும் 30 நிமிடம். இல்லாதவிடத்து ஒரு மணித்தியாலம். தூரத்து மலையில் நிற்பவளுக்கு அந்த அரைமணி இறங்கி ஏறுவதிலேயே கழிந்துவிடும். நாட்கூலிக்கு மரக்கறித் தோட்டம் செல்பவளுக்கோ பிள்ளைக்காம்பராவே இல்லை.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். இது பெருமைக்குரிய சாதனையே. மருத்துவிச்சியரின் உழைப்பு இதில் அடங்கியுள்ளது. எனினும் நாட்டுச் சராசரி, லயத்தில் வாழும் தாயின் நாட்பொழுதை நமக்குக் காட்டாது. தமிழ் பேசும் மருத்துவிச்சியர் போதாத இடத்தில், கேட்டறிதல் என்னும் முதற்பாடமே பொய்த்துப் போகின்றது. பிள்ளைக்காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர்மாறியுள்ளன. கறந்த பாலைக் காத்துக் கிண்ணத்தால் ஊட்ட வேண்டியவர் அங்குள்ள உத்தியோகத்தரே. ஆதலின் பயிற்சி வைத்தியசாலை வாயிலோடு நின்றுவிடலாகாது.

தாய்க்குப் போதித்தல் எளிது. வேலைநேரத்தை மாற்றுதல் அரிது. எளியதைச் செய்துவிட்டு அரியதை விட்டதே இவ்வரலாற்றின் குறை என நாம் கருதுகின்றோம். பயிற்சி பெறவேண்டியோர் வரிசையில் தாதியும் மருத்துவிச்சியும் முன்னிற்க, கங்காணியும் தோட்ட அதிகாரியும் அவர்க்குப் பின்னேனும் நிற்றல் வேண்டும். தாயின் அரைமணியை அளந்து கொடுப்போர் அவர்களே.