பென்ஷன் வரும்... கைகொடுக்க யார் வருவார்? (மதுரைப் பக்கத்து முதிய படைவீரர்களின் வரலாறு)

போர் என்றால் எல்லைக்கோடு, துப்பாக்கி, பதக்கம் என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்தத் துப்பாக்கியைப் பிடித்த கை எண்பது வயதில் நடுங்கும்போது, ஒரு டம்ளர் தண்ணீரை வாயருகே கொண்டுபோவது யார்? இதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. ஆனால் உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் போனால், ஊருக்கு ஒரு வீட்டிலாவது இந்தக் கேள்வி திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

மழையை நம்பிய பூமி. விவசாயம் கைவிட்டால் பட்டாளம், அதுவும் கிடைக்காவிட்டால் வெளியூர் வேலை. அப்பா பட்டாளத்துக்குப் போனார், மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார். அப்பா திரும்பி வந்துவிட்டார், மகன் வரவில்லை. முதிய படைவீரர் பராமரிப்பு என்ற பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பணத்துக்குப் பதில் நிலம்

போரில் உயிர்விட்ட வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். கல்வெட்டுகளில் இதற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் சிந்தியதற்காகக் கொடுத்த பட்டி! 'இரத்தக்காணிக்கை' என்றும் இதைச் சொன்னார்கள். மதுரை நாயக்கர் காலத்தில் 72 பாளையங்கள் அமைந்தபோதும் படை ஊழியத்துக்குக் கூலி பெரும்பாலும் நிலமாகவே இருந்தது.

நிலம் வெறும் சொத்து அல்ல. நிலம் இருந்தால் மகன் ஊரில் இருப்பான், மருமகள் வீட்டில் இருப்பாள். கிழவருக்குக் கஞ்சி கொடுக்க ஆள் இருக்கும். அதாவது அந்த நிலமே ஒரு பராமரிப்புத் திட்டமாகவும் வேலை செய்தது. அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. நிலம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை, பார்த்துக்கொள்ளும் பாரம் முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் ஆளும் வீடும் ஒரே இடத்தில் இருந்தன.

ஐரோப்பாவில் வேறு வழி. 1670-ல் பதினான்காம் லூயி பாரிஸில் 'இன்வாலிட்' என்ற பெரிய இல்லத்தைத் தொடங்கினார். 1682-ல் இரண்டாம் சார்லஸ் லண்டனில் செல்சி மருத்துவமனையை நிறுவினார். அங்கே முதிய சிப்பாயை அரசு ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. இங்கே சிப்பாய் தன் வீட்டிலேயே இருந்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததும் கணக்கு மாறியது. ராபர்ட் கிளைவ் கொடுத்த பணத்தில் 1770-ல் தொடங்கிய 'கிளைவ் நிதி' கம்பெனியின் ஐரோப்பிய வீரர்களுக்கானது. உள்நாட்டுச் சிப்பாய்க்கு அதில் இடமில்லை. 1799-1801 பாளையக்காரர் போர்களுக்குப் பிறகு பாளையங்களின் படைகளும் கலைந்தன. படை வேலை என்பது நிலத்திலிருந்து பிரிந்து, சம்பளமும் பென்ஷனுமாக மாறியது.

'15 வருஷம்' என்ற கோடு

முதல் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் இறந்தார்கள். திரும்பி வந்தவர்களைக் கவனிக்க 1919-ல் இந்திய சிப்பாய்கள் வாரியம் உருவானது. இன்றைய கேந்திரிய சைனிக் போர்டின் தொடக்கம் அதுதான். அதன் வழியில் வந்தவையே இன்று மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள். மதுரையிலும் ஒன்று இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை 25 லட்சமாக வளர்ந்தது. 'வீர இனம்' என்ற கொள்கையைப் பேசி மதராஸ்காரர்களை ஒதுக்கி வைத்திருந்த ஆங்கிலேயர்கள், ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கொள்கையை மடித்து வைத்துவிட்டார்கள். பஞ்சாபுக்கு அடுத்து அதிகம் பேரைக் கொடுத்தது மதராஸ் மாகாணம்.

1945-ல் போர் முடிந்தது. அவசரத்துக்குச் சேர்த்தவர்களை அவசரமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 ஆண்டு சேவை வேண்டும். நாலைந்து ஆண்டு பர்மாக் காட்டிலும் பாலைவனத்திலும் கிடந்தவர் கையில் மிஞ்சியது ஒரு டிஸ்சார்ஜ் புத்தகமும் ஒன்றிரண்டு பதக்கமும்தான். முப்பது வயதில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை, உடம்பில் வலு இருந்தது. எழுபது வயதில்தான் அந்த 15 ஆண்டுக் கோடு எவ்வளவு ஆழம் என்று புரிந்தது.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். மலேயா தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு மதுரை, ராமநாதபுரம் பக்கம்தான் சொந்த ஊர். சுதந்திர இந்தியா அவர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972-ல் மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் வந்த பிறகே நிலையான உதவி கிடைத்தது. அதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன.

படுக்கையிலிருந்து எழுந்த ஒரு ராணுவ டாக்டர்

நோயாளியாகத் திரும்பிய படைக்காரரை நல்ல பராமரிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1945-ல் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தவர். கடுமையான முடக்குவாதத்தால் 1948-ல் விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேல் படுத்த படுக்கை! விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை கற்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தம்பி, தங்கைகள், அவர்கள் குடும்பங்கள் என்று எல்லோரும் கூட நின்றார்கள். 2006-ல் மறையும் வரை அவர் தனி ஆளாக விடப்படவில்லை.

கிராமத்துக்கே போய் முகாம் போட்டு, நோயாளியைப் பஸ்ஸில் அழைத்து வந்து, புரை நீக்கித் திரும்பக் கொண்டுபோய் விடுவது அரவிந்தின் வழி. கண் தெரிந்தால் முதியவர் தானே கழிப்பறைக்குப் போவார், தானே மாத்திரையைப் பார்த்து எடுப்பார். வீட்டுப் பராமரிப்பில் பாதிப் பாரம் அங்கேயே குறைந்துவிடும்.

திட்டங்கள் பல, வாசல்வரை வந்தவை சில

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். பள்ளியில் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் கொடிக்குக் கொடுக்கும் காசு, முன்னாள் வீரர்களின் நலனுக்குப் போகிறது. பென்ஷனே இல்லாத 65 வயது தாண்டிய முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் இந்த நிதியிலிருந்து மாத உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்த அந்த உதவி 2025 நவம்பரிலிருந்து வந்த விண்ணப்பங்களுக்கு 8,000 ஆனது.

ஆனால் நீண்ட காலம் நலத்திட்டம் என்றால் வேலைவாய்ப்பு, பிள்ளைகளின் படிப்பு உதவி என்பதாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 1986-ல் தொடங்கிய டெக்ஸ்கோவும் வேலை கொடுக்கத்தான் வந்தது. சிப்பாய் நாற்பது வயதுக்கு முன்பின் ஓய்வு பெறுகிறவர் என்பதால் அது தேவையும்கூட. அவருக்கும் எண்பது வயது ஆகும் என்ற நினைப்பு தாமதமாகத்தான் வந்தது.

2003 ஏப்ரல் 1-ல் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் தொடங்கியது. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களை அதில் சேர்க்கும் முடிவு 2019-ல்தான் வந்தது. போர் முடிந்து 74 ஆண்டுகள் கழித்து! மதுரையில் பாலிகிளினிக் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பக்கவாதம் வந்தவரைப் பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏற்றி, வரிசையில் உட்கார வைத்து, திரும்ப வீட்டில் சேர்க்க ஒரு நாளும் இரண்டு ஆட்களும் வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பணமும் உண்டு. ராணுவச் சேவையால் 100 சதவீத ஊனம் அடைந்து, எப்போதும் ஆள் துணை தேவைப்படுபவருக்கு உதவியாளர் படி தரப்படுகிறது. ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பின் அது மாதம் 6,750 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மூப்பால் மட்டும் முடங்கியவருக்கு இது கிடையாது. ஆனால் ஆறாவது ஊதியக்குழு வழியாக, 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் நூறு சதவீதம் என்று பென்ஷன் கூடுகிறது. வயது ஏற ஏறச் செலவும் ஏறும் என்பதை அரசு ஒப்புக்கொண்ட இடம் இது.

வாசல்வரை வந்தவை எவை? 2020 முதல் தபால்காரரே வீட்டுக்கு வந்து, விரல்ரேகை வாங்கி ஆயுள் சான்று பதிவு செய்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டிலேயே மாத்திரை தருகிறது. இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. இந்த இரண்டுமே படைவீரருக்காக மட்டும் வந்தவை அல்ல, எல்லோருக்குமானவை. முடங்கிய சிப்பாயின் கட்டில்வரை வந்தவர்கள் தபால்காரரும் கிராமத்து சுகாதாரப் பணியாளரும்தான்!

பதக்கம் இல்லாத காவல்

மற்ற நேரமெல்லாம்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். காலில் வந்த சின்னக் காயத்தைச் சர்க்கரை விடாது. இதையெல்லாம் பார்ப்பவர் அநேகமாக மனைவி. அவருக்கும் எழுபது வயது தாண்டியிருக்கும். கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் வரும். அவர் விழுந்தால் தூக்கிவிடுவது யார் என்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

இரண்டாம் உலகப்போர்த் தலைமுறை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 1971 போரில் இருபது வயதில் நின்றவர் இன்று எழுபதின் நடுவில் இருக்கிறார். அடுத்து 2022-ல் வந்த அக்னிபத். நான்கு ஆண்டு சேவை, முடிவில் சுமார் 11.71 லட்சம் ரூபாய். நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படாதவர்களுக்குப் பென்ஷன் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. 1946-ல் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மதுரை ரயில் நிலையத்தில் இறங்கிய இளைஞர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு ஒற்றுமை தெரிகிறதா? அன்றும் இருபதுகளில் அது குறையாகத் தெரியவில்லை.

வரலாறு சொல்வது எளிமையான செய்திதான். நிலம் கொடுத்த காலத்தில் வீட்டில் ஆள் இருந்தது, பணம் குறைவு. பென்ஷன் காலத்தில் பணம் வருகிறது, ஆள் இல்லை. பாலிகிளினிக்கிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் கிராமத்துக்குப் போனால், அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியும் கூலியும் கொடுத்து முதியவர்களைப் பார்க்க வைத்தால், இந்த இடைவெளி கொஞ்சம் அடையும். எல்லையில் காவல் நின்றவருக்கு, கட்டிலருகே ஒருவர் நிற்பது சலுகை அல்ல. பாக்கி வைத்த கூலி.