ஒரே டிக்கெட்டில் மூன்று தீவு

எங்கள் சுங்குவார்சத்திரம் அறையில் நண்பர்கள் தீவுப் பயணம் பற்றிப் பேசினாலே நான் போட் மெயில் ரயிலின் கதைக்குப் போய்விடுவேன். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தவர் ராமேசுவரம் தீவின் முனையான தனுஷ்கோடியில் கப்பலேறி, மன்னார்த் தீவின் தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார். இடையில் சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனமும் இவ்வழியே போனது, மண்டபம் முகாமில் அடைபட்டுக் காத்திருந்து. அதை மறந்துவிட்டு அந்தப் பயணத்தைக் கொண்டாட எனக்கு மனம் வராது.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைப் போரால் 1980-களில் நின்றது.

2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது; நாங்கள் போக நினைப்பது அதில்தான். அங்கிருந்து குறிகாட்டுவான் துறைக்குப் போய்ப் படகேறினால் நயினாதீவு, நெடுந்தீவு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பதால் கோடையில்தான் போகிறோம். பாஸ்போர்ட் இல்லாத இருவருக்கு இந்த வாரமே விண்ணப்பம் போட வேண்டும்.