ஆம்பூர் ஷூ போன ஊருக்கு ஆள் போகலையே!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். பொட்டி தட்டுற பொழப்புல வாரக்கடைசிதான் நமக்குச் சுதந்திர தினம். போன வாரம் ஆம்பூர் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை மதியம், பிரியாணி முடிஞ்சு, கத்திரிக்கா பச்சடி வாசம் கையில இன்னும் போகலை. பெரியப்பா பையன், அதாவது எங்கண்ணன், மொபைலை நீட்டி "டேய் தம்பி, இத்த பாரு"ன்னான்.

யூடியூப்ல பழைய கூடைப்பந்து ஆட்டம். 1993 ஏப்ரல் மாசம், கிரேக்க நாட்டுல ஏதென்ஸ் பக்கத்துல நடந்த ஐரோப்பிய சாம்பியன் கிளப் கோப்பை இறுதிப் போட்டி. ஒரு பக்கம் பிரான்ஸ்ல இருந்து லிமோஜ், இன்னொரு பக்கம் இத்தாலியில இருந்து த்ரெவீசோ.

"இது ரெண்டும் இன்னா ஊருன்னு தெரியுமா? ரெண்டுமே ஷூ ஊருடா"ன்னான் அண்ணன்.

நிற்க. இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அண்ணன் ஸ்கூல்ல படிக்கும்போது பாயிண்ட் கார்டு ஆடுவான். பந்தை மேல கொண்டுவந்து, யார்கிட்ட குடுக்கணும்னு முடிவு பண்ற இடம். சிமெண்ட் தரை, வலையில்லாத ரிங், மழை பேஞ்சா ரெண்டு நாள் ஆட்டம் கிடையாது. மாவட்ட அணி வரைக்கும் போனான். எங்க வீட்ல அப்பா, பெரியப்பா, மாமா எல்லாருமே ஷூ கம்பெனி, இல்லன்னா டேனரி. ஐரோப்பாவுக்குப் போற ஷூவுக்கு அப்பர் தைக்கிற குடும்பம். ஆனா அண்ணன் ஆடினது அடி கழண்டு தையல் போட்ட கேன்வாஸ்ல! ஒரு தடவை பெரியப்பா ஆசையா ஒரு ரிஜெக்ட் ஜோடி வாங்கிட்டு வந்தார். பாத்தா பளபளன்னு ஆபீஸ் ஷூ. அதைப் போட்டுக்கிட்டு எங்க லே-அப் அடிக்கிறது? :)

பன்னெண்டாவது முடிச்சப்போ சென்னையில ஒரு அரசுத்துறை அணிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கூப்பிட்டாங்க. அதே சமயத்துல பெரியப்பாவுக்கு உடம்பு முடியாம வேலைய விட்டுட்டார். அண்ணன் சென்னைக்குப் போகலை. கம்பெனிக்குப் போனான். இன்னிக்கு அங்கே தரம் பாக்கற பிரிவுல சூப்பர்வைசர். பெட்டியில ஒட்டற சீட்டுல ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலின்னு ஊர் பேரா படிச்சுப் படிச்சு, ராத்திரியில அந்த ஊரெல்லாம் தேடிப் பாக்கறது அவன் பொழுதுபோக்கு. அப்படித்தான் லிமோஜ் மாட்டியிருக்கு.

இப்போ சரித்திரம். அண்ணன் ஆரம்பிச்சு வெச்சதை நான் வீட்டுக்கு வந்து தோண்டினேன்.

1891 டிசம்பர். அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊர். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி வாத்தியார் ஜேம்ஸ் நைஸ்மித், குளிர்காலத்துல உள்ளேயே ஆட ஒரு ஆட்டம் வேணும்னு பழக்கூடையை மாடியில கட்டி விட்டு கூடைப்பந்தைக் கண்டுபிடிக்கிறார். அதே 1891-லதான் லிமோஜ்ல எதுவார் பிளான்ஷார்னு ஒருத்தர் ஷூ பட்டறை ஆரம்பிக்கிறார். பின்னாளில் ஜே.எம். வெஸ்டன்னு உலகம் பூரா பேர் வாங்கின கம்பெனி அதுதான். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1893 டிசம்பர்ல, ஐரோப்பாவோட முதல் கூடைப்பந்து ஆட்டம் பாரிஸ் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துல நடக்குது. அந்தத் தளம் இன்னும் இருக்கு. கட்டடம் இருக்கற தெருவோட பேர் என்ன தெரியுமா? த்ரெவீஸ் தெரு! த்ரெவீசோவை பிரெஞ்சுக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு ஒரு பிரெஞ்சு கிளப், த்ரெவீசோவோட மோதுது. சினிமாவுல வெச்சா நம்ப மாட்டோம்.

நம்ம பக்கமும் இந்த ஆட்டம் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாத்தான் வேர் விட்டது. அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி குரோ பக், 1919-ல சென்னைக்கு வந்து, 1920-ல உடற்கல்விப் பள்ளி ஆரம்பிச்சார். இன்னிக்கு நந்தனத்துல இருக்கற ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளரா கூட்டிட்டுப் போனவரும் இவரே. அங்கே படிச்சு வெளியே வந்த பி.டி. மாஸ்டருங்கதான் இந்த ஆட்டத்தை ஸ்கூல் ஸ்கூலா, காலேஜ் காலேஜா கொண்டுபோனாங்க. 1934-ல டெல்லியில முதல் தேசியப் போட்டி. 1950-ல இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம்.

அதாவது பாரிசுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒண்ணும் யுகக்கணக்கு இல்லை. அப்புறம் எங்கே வழி பிரிஞ்சது?

லிமோஜைப் பாருங்க. ஜனத்தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம். ஆம்பூரும் 2011 கணக்குல ஒரு லட்சத்தைத் தாண்டின ஊர். பெரிய வித்தியாசம் இல்லை. லிமோஜ்னா பீங்கான், அப்புறம் ஷூ. பக்கத்துல சேன் ஜூனியன்னு ஒரு ஊரே தோல் கையுறைக்குப் பேர்போனது. சேன் லெயோனார்ங்கற ஊர்ல வெஸ்டன் ஷூவுக்கான அடித்தோலை ஓக் மரப்பட்டையில மாசக்கணக்குல ஊறப்போட்டு பதம் பண்றாங்க. நம்ம பாட்டன் காலத்துல ஆவாரம் பட்டையிலயும் கடுக்காயிலயும் ஊறப்போட்டு, 'ஈஸ்ட் இந்தியா' தோல்னு சீமைக்கு அனுப்பினாங்க இல்ல, அதே வித்தைதான். பட்டைதான் வேற.

த்ரெவீசோ இன்னும் சின்ன ஊர், ஒரு லட்சம்கூட இல்லை. பக்கத்துல மொண்டேபெல்லுனா. பனிச்சறுக்கு பூட்சும் விளையாட்டு ஷூவும் செய்யற ஊர், பூட்சுக்குன்னே மியூசியம் வெச்சிருக்காங்க. த்ரெவீசோ அணிக்குப் பின்னாடி நின்னது அந்தப் பக்கத்து பெனட்டன் துணி கம்பெனி.

லிமோஜ் கிளப்போட பேர்ல இருக்கற சி.எஸ்.பி. என்பது 'செர்க்கிள் சேன் பியேர்'. அதாவது ராயப்பர் பேர்ல நடந்த ஒரு சங்கம். 1929-ல ஆரம்பிச்சது. கோயில் சங்கத்துப் பசங்க ஆடின ஆட்டம், படிப்படியா மேல வந்து 1982, 83-ல கொராச் கோப்பை, 1988-ல கோப்பை வென்றோர் கோப்பைன்னு போச்சு. ஐவரி கோஸ்ட்ல பிறந்த ரிஷார் தக்கூரி, இந்த ஒரே கிளப்புல எட்டு தடவை பிரெஞ்சு சாம்பியன் ஆனார். கடைசியில பாரிஸ் அணிக்குப் போய் 1997-ல ஒன்பதாவதும் வாங்கினார். அதுதான் அங்கே ஒரு ஆட்டக்காரனோட வாழ்க்கை. பந்துதான் வேலை, பந்துதான் சம்பளம்.

சரி, 1993-க்கு வருவோம்.

லிமோஜ் பயிற்சியாளர் மல்யகோவிச், யூகோஸ்லாவியாக்காரர். அவர் ஆடவெச்ச ஆட்டம் பாக்க அழகா இருக்காது. மெதுவா, நேரத்தைத் தின்னுட்டு, எதிராளியை மூச்சு விடாம அமுக்கற தடுப்பாட்டம். "கூடைப்பந்தையே சாகடிச்சுட்டார்"ங்கற ரேஞ்சுக்குத் திட்டினாங்க. ஆனா அரையிறுதியில சபோனிஸ் இருந்த ரியல் மாட்ரிட்டையே அப்படித்தான் கவுத்தாங்க. இறுதிப் போட்டியில த்ரெவீசோ பக்கம் டோனி கூகோச். ஆறே முக்கால் அடிக்கு மேல உயரம், ஆனா பாயிண்ட் கார்டு மாதிரி பந்தை ஓட்டுவார். அடுத்த சீசன்லயே சிகாகோ புல்ஸ் போனவர். லிமோஜ் பக்கம் ஃப்ரெடெரிக் ஃபோர்ட்னு 1970-ல பிறந்த சின்னப் பையன், பாயிண்ட் கார்டு.

கடைசி விநாடிகள். பந்து கூகோச் கையில. ஐரோப்பாவோட பெரிய ஆட்டக்காரன், எப்படியும் ஏதாவது பண்ணிடுவான்னு எல்லாரும் நினைக்கிற நேரம். ஃபோர்ட் கையை விட்டு பந்தைப் புடுங்கிட்டார்! முடிவு 59-55. கூடைப்பந்துல ஐரோப்பாவோட உச்சக் கோப்பையை எடுத்த முதல் பிரெஞ்சு கிளப் லிமோஜ். மறுமாசம்தான் கால்பந்துல மார்செய் ஜெயிச்சது. பாரிஸ் இல்லை, மார்செய் இல்லை, முதல்ல ஒரு ஷூ ஊர்!

அண்ணன் அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பாத்தான். "இன்னா தைரியம்டா அவனுக்கு. கொஞ்சம் தப்பினா ஃபவுல்."

இதோட முடிஞ்சிருந்தா இது வெறும் கோப்பைக் கதை. எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

2000-ல லிமோஜ் ஒரே வருஷத்துல லீக், பிரெஞ்சு கோப்பை, கொராச் கோப்பை மூணையும் எடுத்தது. அதே வருஷம் பணக் கணக்கு நாறிப்போய் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிட்டாங்க. 2004-ல கிளப்பே திவால். மூணாவது டிவிஷன்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அப்போ தலைவர் நாற்காலியில வந்து உக்காந்தது யாரு? அதே ஃபோர்ட். முப்பத்திச் சொச்ச வயசுல. ஏறி, மறுபடி விழுந்து, மறுபடி ஏறி, பத்து வருஷம். 2014-ல பிரெஞ்சு சாம்பியன், 2015-ல மறுபடியும். 2017 டிசம்பர் 31 அன்னிக்கு இறந்துட்டார். வயசு 47.

ஒரு தடவை பந்தைப் புடுங்கினவன்னு ஊர் அவரை ஞாபகம் வெச்சிருக்கலாம். எனக்கென்னவோ அந்த ஒரு விநாடியை விட இந்தப் பத்து வருஷம்தான் பெரிசாத் தெரியுது.

த்ரெவீசோ கதையும் இதேதான். 2012-ல பெனட்டன் விலகிடுச்சு. அதே வருஷம் ஊர்க்காரங்க புது கிளப் ஆரம்பிச்சு, கீழே இருந்து ஏறி, 2019-ல முதல் டிவிஷனுக்கு வந்துட்டாங்க. முதலாளி போனாலும் ஊர் விடலை.

இப்போ நம்ம பக்கம். நம்மாளு யாராவது வெளியே போய் காசுக்கு ஆடியிருக்காங்களா? இருக்காங்க. கீத்து அன்னா ஜோஸ். கோட்டயத்துப் பொண்ணு, தெற்கு ரயில்வேல வேலை, அதனால பாதி நம்ம ஊர்க்காரங்கதான். 2006-ல இருந்து 2008 வரைக்கும் மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட் அணிக்கு ஆடினாங்க. 2011-ல அமெரிக்கப் பெண்கள் லீக்ல மூணு அணி அவங்களைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. இடம் கிடைக்கலை. ஆனா கூப்பிட்டாங்களே! 2015-ல பஞ்சாப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. இந்திய ஆண்கள் அணி ஐரோப்பாவுல ஆடின பெரிய ஆட்டம்னா 1980 மாஸ்கோ ஒலிம்பிக். பல நாடுகள் புறக்கணிச்சதால கிடைச்ச வாய்ப்பு. ஆடினது ஏழு, தோத்தது ஏழு. சோவியத்கிட்ட 121-65.

இதுல உயரம், உடம்புன்னு காரணம் சொல்றவங்க நிறைய. ஃபோர்ட் ஒண்ணும் பனைமரம் இல்லை. என் கணக்கு வேற. நம்ம ஊர்ல நல்லா ஆடறவனுக்குக் கிடைக்கற பரிசு ஒரு வேலை. ரயில்வே, ஐ.சி.எஃப்., ஐ.ஓ.பி. மாதிரி இடங்கள்ல. நான் அதைக் குறை சொல்லலை. எத்தனையோ வீட்டுல அடுப்பு எரியுது அதனால. ஆனா அங்கே அணி ஊரோடது இல்லை, ஆபீசோடது. ஆம்பூருக்குன்னு அணி கிடையாது, வாணியம்பாடிக்கு கிடையாது, ராணிப்பேட்டைக்கு கிடையாது. பத்து வயசுப் பையன் டிக்கெட் வாங்கிப் பாத்து, "நானும் ஒரு நாள் இந்த பனியன் போடணும்"னு நினைக்க ஒரு பனியன் இல்லை. 2015-ல யு.பி.ஏ.ன்னு ஒரு லீக் வந்தது, சென்னை ஸ்லாம்னு அணியெல்லாம் இருந்தது. 2017-ஓட நின்னு போச்சு. மேல கூரை போட்டாங்க, கீழ சுவர் இல்லை.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட ஆவேசமா சொல்லிட்டு, கேக்கக் கூடாத கேள்வியைக் கேட்டுட்டேன். "அன்னிக்கு சென்னை போயிருந்தா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான். "செலக்ட் ஆயிருப்பேன்னு இன்னா கியாரண்டி? ஆயிருந்தா ஆபீஸ் டீம்ல ஆடிக்கினு இருந்திருப்பேன். இல்லாங்காட்டி திரும்பி வந்து இதே கம்பெனிதான். அப்பாவுக்கு அப்போ மருந்து வாங்கணும்டா. அதுல தப்பு இல்ல. ஆனா கேக்கவே ஒரு ஆளு இல்ல பாரு, 'நீ ஏன் ஆடறத வுட்டுட்ட'ன்னு... அதான்."

எனக்குத் தொண்டையில என்னவோ அடைச்ச மாதிரி இருந்தது. ஏன்னா நானும் கேட்டதில்லை. அவன் வேலைக்குப் போன அந்த வருஷங்கள்ல, அவன் குடுத்த காசுல என்ஜினியரிங் ஃபீஸ் கட்டினவன் நான்.

சாயங்காலம் ரெண்டு பேரும் பழைய கிரவுண்டுக்குப் போனோம். ரிங் இருக்கு, வலை இன்னும் இல்லை. அஞ்சாறு பசங்க ஆடிட்டிருந்தாங்க. ஒருத்தன் பந்தை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சான். அண்ணன் ஓரத்துல இருந்தே கத்தினான்: "குட்றா! கைல வெச்சுக்கினு இருந்தா புடுங்கிடுவான்!"

இந்த மாசம் சம்பளத்துல நான் ரெண்டு வலை வாங்கறேன். ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்னு அண்ணன் ஒத்துக்கிட்டான். ஷூவுக்கு யாரைக் கேக்கறதுன்னு அவனுக்குத் தெரியுமாம்.

பி.கு: உங்க ஊர்ல ஆபீஸ் பேர் இல்லாம ஊர் பேர்லயே ஒரு கூடைப்பந்து அணி இருந்தா கட்டாயம் சொல்லுங்க மக்கா. பனியன்ல என்ன கலர்னும் சொல்லுங்க. எங்களுக்கு இன்னும் அதுதான் முடிவாகலை :)