புறநகர் வீடும் மறுக்கப்பட்ட உரிமையும்

மாணவர்களே, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரின் வடபுறத்தே ஒரு மதில் இருக்கிறது. உயரம் ஆறடி; நீளம் ஏறத்தாழ அரை மைல். பகைவரைத் தடுக்க எழுந்த கோட்டை மதில் அன்று அது. 1941ஆம் ஆண்டில் வெள்ளையர்க்கென ஒரு குடியிருப்பு அமைக்க முனைந்த மனை வணிகர் ஒருவர், அரசாங்கத்தின் கடன் உத்தரவாதத்தை நாடினார். அருகே கறுப்பின மக்கள் வாழ்ந்தமையால் அது கிட்டவில்லை. இடையே மதில் எழுந்தது, உத்தரவாதமும் வந்தது. தன் குடிமக்களுள் ஒரு சாரார் அருகில் வாழ்வதையே பொருள் நட்டமென்று ஓர் அரசாங்கம் கணக்கிட்டதற்கு அம்மதில் சான்று.

அக்கணக்கு எங்ஙனம் தோன்றிற்று? 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் தவணை செலுத்த இயலாது எண்ணற்ற குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களைக் காக்க 1933இல் வீட்டுடைமையாளர் கடன் கழகமும், 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அமைக்கப்பட்டன. பின்னது தானே கடன் கொடுப்பதன்று. வங்கி கொடுக்கும் கடனுக்கு ஈடு நிற்பது. அதற்கு முன் வீடு வாங்குவோர் விலையில் பாதியளவு முன்பணம் தரவேண்டியிருந்தது. மீதியையும் சில ஆண்டுகளுக்குள் அடைக்க வேண்டும். அரசு ஈடு நின்றதும், சிறு முன்பணமும் இருபதாண்டு, அதற்கும் மேற்பட்ட தவணையும் வழக்கமாயின. உழைத்துப் பிழைக்கும் குடும்பமும் வீடு வாங்க வழி பிறந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது யாருக்கு எட்டியது என்பதே நம் வினா.

கடன் கழகத்தார் இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படம் வரைந்தனர். சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், தாழ்ந்து வருவதற்கு மஞ்சள், அபாயமானதற்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பிலேயே அடங்கின. பூகோள வகுப்பில் படங்களுக்கு வண்ணம் தீட்டப் பயிற்றியவன் நான். ஒரு வண்ணத்துக்கு இத்துணை ஆற்றல் உண்டென்று அப்போது எண்ணியதில்லை. எனினும் படங்களைக் காட்டிலும் வலிமையுடையது வீட்டுவசதி நிர்வாகத்தின் கையேடு என்பது என் கருத்து. வேற்றினத்தார் குடியேறாதவாறு கிரயப் பத்திரத்தில் நிபந்தனை சேர்ப்பதை அது பரிந்துரைத்தது. அண்டை வீட்டாரின் வெறுப்பு இவ்வாறு அரசாங்க விதியாயிற்று.

இத்தகைய பத்திர நிபந்தனையை மீறி செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி குடும்பத்தார் 1945இல் வீடு வாங்கினர். வழக்கு தலைமை நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றங்கள் அந்நிபந்தனைகளை நிறைவேற்றித் தரலாகாது என 1948இல் தீர்ப்பாயிற்று. ஆயினும், பத்திரத்தில் அதனை எழுதி வைப்பதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை.

போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடன் உதவி அளித்தது. 1947 முதல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், லெவிட் நிறுவனத்தார் 17,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். 1949இல் விலை 7,990 டாலர். போரில் பணிபுரிந்த கறுப்பின வீரர்க்கு அவ்வீடுகள் கிட்டவில்லை. பென்சில்வேனியாவில் அமைந்த மற்றொரு லெவிட் நகரில் 1957 ஆகஸ்டில், பழைய உடைமையாளர் ஒருவரிடமிருந்து வீடு வாங்கி மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது, கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. கணவர் வில்லியம் மையர்ஸ் முன்னாள் போர்வீரர். மாகாணப் போலீசார் காவல் நின்றனர். குடும்பம் வெளியேறவில்லை, அதே தெருவில் சில ஆண்டுகள் வாழ்ந்தது.

அன்று குறைந்த விலைக்கு வாங்கிய வீட்டின் மதிப்பு பன்மடங்கு ஏறிற்று. அதனை ஈடு வைத்து மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார் தந்தை. பேரனுக்கும் அது சொத்தாயிற்று. வாடகைக் குடியிலேயே நின்றவர்க்கு அவ்வாறு சேர ஒன்றுமில்லை. பள்ளிக்குரிய பணத்தில் பெரும்பகுதி அவ்வூர் வீட்டுவரியினின்று வருவதால், வீடு மறுக்கப்பட்டவரின் பிள்ளைக்கு நல்ல பள்ளியும் எட்டாது போயிற்று.

1959இல் நம் நாட்டிற்கு வந்து சென்ற மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்திற்குள், 11ஆம் நாள், நேர்மை வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தாயிற்று. இனம் காரணமாக வீடு மறுப்பது சட்டத்திற்குப் புறம்பாயிற்று. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் 1988 வரை மெலிந்தே இருந்தது.

இனத்தின் பெயரைச் சொல்லாமலே வாயிலை அடைக்கவும் வழி உண்டு. ஒரு வீட்டுக்குக் குறைந்தது இத்தனை நிலம் வேண்டும், அடுக்கு வீடு கூடாது என்று ஊராட்சி விதி செய்தால் ஏழை தானே விலகுவான். நியூஜெர்சி மாகாணத்து மவுண்ட் லாரல் என்னும் ஊரில், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த கறுப்பினத்தார் எளிய வாடகை வீடுகள் சில கட்ட இசைவு கேட்டனர். வசதியில்லாதார் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்ற பொருளில் ஊர்த்தலைவர் விடை கூறினார். எதெல் லாரன்ஸ் என்ற அம்மையார் முதலியோர் 1971இல் வழக்குத் தொடுத்தனர். ஒவ்வோர் ஊரும் எளியோர்க்குரிய வீட்டுப் பங்கை ஏற்கவேண்டும் என 1975இல் மாகாணத் தலைமை நீதிமன்றம் கூறியது. ஊரார் அசையவில்லை, 1983இல் மீண்டும் தீர்ப்பு. அம்மையார் 1994இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய வீடுகளில் முதற் குடும்பங்கள் குடியேறியது 2000ஆம் ஆண்டின் இறுதியில்.