ஈரத்துணி முதல் பி0168 வரை

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்கு, பெருங்களத்தூர் என்றால் இன்று பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம்தான் ஞாபகம் வரும். வண்டலூரை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. அந்தக் கம்பெனியின் ஹெரால்டு 1961-ல் இந்தியச் சாலைகளுக்கு வந்தது. அதன் பானெட்டை மட்காடுகளோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்துவிடலாம். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

கோடையில் பானெட்டைத் திறக்க அவசியமும் இருந்தது. ஹெரால்டோ அம்பாசடரோ ஃபியட்டோ, அக்காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கும். நெரிசலில் ஊர்ந்தால் என்ஜின் சூடு பம்புக்கு ஏறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ள அந்தப் பம்பால் முடியாது. வண்டி மக்கர் செய்யும். டிரைவர் இறங்கி, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சற்று நேரம் நிற்பார். பிறகு கிளம்பிவிடும். நோயும் கண்ணெதிரே, மருந்தும் கையருகே!

2000-ஐ ஒட்டிக் கார்புரேட்டர் ஒழிந்து, பம்ப் டாங்குக்குள் போனது. பெட்ரோல் கார்களுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. சூடு டீசல் பக்கம் இடம்பெயர்ந்தது. ஹூண்டாய் 2002-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. காரை விற்பனைக்கு விட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு 2010-ல் டீசல் ஃபிகோவைத் தயாரித்தது. இவ்வகை காமன் ரெயில் என்ஜின்களில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பிழியப்படுகிறது. செலவாகாமல் மிஞ்சுவது சூடேறி டாங்குக்கே திரும்புகிறது. டீசல் மிகவும் சூடானால் நீர்த்துப்போகும். அந்த டீசலேதான் பம்புக்கு மசகு என்பதால் பம்ப் தேயும்.

டீசல் சூட்டைக் கண்காணிக்க ஒரு சென்சார் உண்டு. அது எல்லை மீறிய சூட்டைச் சொன்னால் செக் என்ஜின் விளக்கு எரியும். மெக்கானிக்கின் ஸ்கேனரில் பி0168 என்ற கோளாறுக் குறியீடு தெரியும். 'பி' என்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அடுத்த 1, எரிபொருள்–காற்றுப் பிரிவு. கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் இந்த முறையின் இரண்டாம் கட்டத்தை அமெரிக்கா 1996-லேயே கட்டாயமாக்கியது; இந்தியாவில் அது பி.எஸ்.4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013-ல் வந்தது.

ஆனால் குறியீடு சொல்வது சென்சாரின் வாக்குமூலம் மட்டுமே, அது தீர்ப்பாகாது. சென்சார் சூடேறச் சூடேற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. வயர் உரசி ஷார்ட் ஆனாலும் மின்தடை குறைவதால், டீசல் கொதிப்பதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். இராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்கேனர் காட்டும் டீசல் சூடு வெளிச்சூட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். எகிறி நின்றால் கோளாறு டீசலில் இல்லை, வயரிலோ சென்சாரிலோதான். காலையில் காட்டும் சூடு சரியாக இருந்து, ஓட ஓட அது எல்லை மீறினால் டாங்கைப் பாருங்கள்: டீசல் குறைவாக இருந்தால், திரும்பி வரும் சூடு ஆற இடமிருக்காது. டீசல் கூலர் உள்ள வண்டியில் அது அடைத்திருக்கவும் கூடும். இவற்றையெல்லாம் பார்க்காமல் சென்சாரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.