விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு... பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா? - கைகொடுக்கும் லினக்ஸ்!

பெரும்பாலான வீடுகளின் அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். காலேஜ் சேரும்போது வாங்கியதாக இருக்கலாம், ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்ததாகவும் இருக்கலாம். ஸ்க்ரீன் பளிச்சென்று இருக்கும், கீபோர்டும் ஓகே. ஆனால், ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால்தான் டெஸ்க்டாப் வரும். போதாக்குறைக்கு, 'இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட முடியாது' என்ற அறிவிப்பு வேறு.

புதுசு வாங்க பல ஆயிரம் ரூபாய் வேணும். அதற்கு முன்னால், செலவே இல்லாத ஒரு வழியை முயற்சி செய்து பார்க்கலாம். அதுதான் லினக்ஸ்.

என்னதான் பிரச்னை?

2015-ல் வெளியான விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை, 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டுப் பயனாளர்களுக்காக ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்றையும் அறிவித்தது. ஆனால், அது தற்காலிக ஏற்பாடுதான்.

சப்போர்ட் முடிந்தால் லேப்டாப் நின்றுவிடாது. வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அப்டேட் வராது. அந்த லேப்டாப்பில் படம் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. நெட் பேங்கிங், ஆன்லைன் ஷாப்பிங் எல்லாம் அதில்தான் என்றால் ரிஸ்க் உங்களுடையது.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தைய லேப்டாப், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அவுட்!

லினக்ஸ்னா என்ன?

1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இது. இதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். அதனால்தான் 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறோம்.

'நமக்கெல்லாம் இது செட் ஆகாதுப்பா' என்று நினைக்கிறீர்களா? நீங்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடித்தளமே லினக்ஸ்தான். பல வருடமாக அதைக் கையில் வைத்துத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று இதில் பல வகைகள் உண்டு. மாவு ஒன்றுதான், இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று ஊற்றும் விதம்தான் வேறு.

யாரெல்லாம் பயன்படுத்துறாங்க?

கேரளாவில் அரசுப் பள்ளி மாணவர்கள் பல வருடங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். அங்குள்ள 'கைட்' என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே தனி ஓ.எஸ் வெளியிடுகிறது. தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோதும் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸ் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது அது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது வேறு கதை.

இப்போது கேமர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். 2018-ல் ஸ்டீம் கொண்டுவந்த 'புரோட்டான்' வசதியால், விண்டோஸுக்காக உருவான ஏராளமான கேம்கள் லினக்ஸிலும் ஓடுகின்றன. ஸ்டீம் நடத்தும் மாதாந்தர சர்வேயில், 2025 அக்டோபரில் லினக்ஸின் பங்கு முதல்முறையாக 3 சதவிகிதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான், ஆனால் ஏறிக்கொண்டே வந்த எண்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

உங்கள் லேப்டாப்பின் ரேம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

* 4 ஜி.பி அல்லது அதற்கு மேல்: லினக்ஸ் மின்ட் சின்னமன். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் மாதிரியே இருப்பதால் அப்பா அம்மாகூட சீக்கிரம் பழகிவிடுவார்கள்.
* 2 முதல் 4 ஜி.பி: மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ அல்லது லுபுண்டு. பார்க்க எளிமையாக இருக்கும், ரேமையும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும்.
* 2 ஜி.பி-க்கும் கீழே: இன்றைய வெப்சைட்களின் எடையை எந்த ஓ.எஸ் போட்டாலும் தாங்காது. பாட்டு கேட்க, டைப் செய்ய வைத்துக்கொள்ளலாம்.

ஒரு டிப்ஸ்: பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டால், ஓ.எஸ் மாற்றுவதைவிடப் பெரிய வேகம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் டபுள் லாபம்.

இவங்க கொஞ்சம் யோசிக்கணும்!

லினக்ஸ் எல்லோருக்குமானது என்று சொன்னால் அது பொய். உங்கள் வேலை கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

* டேலி, ஃபோட்டோஷாப், எம்.எஸ் ஆஃபீஸின் டெஸ்க்டாப் வெர்ஷன் ஆகியவை லினக்ஸுக்கென்று வருவதில்லை. ஆஃபீஸுக்கு மாற்றாக லிப்ரே ஆஃபீஸ், படங்களுக்கு கிம்ப் இருக்கின்றன. ஆனால், சிக்கலான எக்ஸெல் ஃபைல்கள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கடைக் கணக்கு முழுக்க டேலியில் இருந்தால் மாறாதீர்கள்.
* வேலரண்ட் ஓடாது. ஏமாற்று வேலையைத் தடுக்கும் அதன் மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை.
* அழகி, என்.ஹெச்.எம் ரைட்டர் போன்றவை விண்டோஸுக்கானவை. லினக்ஸில் 'ஐபஸ்' மூலம் தமிழ்99, ஃபொனெடிக் என்று இரண்டு முறையிலும் டைப் செய்யலாம்.
* பிரின்டர் மாடலை முன்கூட்டியே தேடிப் பாருங்கள். ஹெச்.பி-யில் பெரும்பாலானவை சுலபமாக வேலை செய்யும். வேறு சில பிராண்டுகளின் பழைய மாடல்கள் படுத்தி எடுக்கும்.

பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, கோடிங், ரெஸ்யூமே... இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் தாராளமாக மாறலாம்.

எப்படி மாறுவது?

1. பேக்கப்: கல்யாண ஆல்பம், சர்டிஃபிகேட் ஸ்கேன், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். காப்பி ஆன ஃபைல்களை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

2. டவுன்லோடு: மின்ட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ ஃபைலை இறக்குங்கள். சுமார் 3 ஜி.பி இருக்கும். தினசரி 2 ஜி.பி டேட்டா பிளான் என்றால், வைஃபை இருக்கும் நண்பர் வீட்டுக்கு ஒரு விசிட் அடியுங்கள்.

3. பென்டிரைவ்: 8 ஜி.பி பென்டிரைவ் போதும். ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் மூலம் அந்த ஃபைலை ஏற்றுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம்.

4. சும்மா ஓட்டிப் பாருங்கள்: லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் கீயை அழுத்தி (பிராண்டைப் பொறுத்து மாறும்) பென்டிரைவைத் தேர்வு செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யாமலேயே லினக்ஸ் ஓடும். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, டச்பேட் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால், போனை கேபிளில் இணைத்து யு.எஸ்.பி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும், தேவையான டிரைவரை அதிலேயே இறக்கிக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா? பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

5. இன்ஸ்டால்: இங்கேதான் அவசரப்படக் கூடாது. 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் மொத்தமாகப் போய்விடும். 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்றால் இரண்டும் இருக்கும், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸில் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், அதன் ரெக்கவரி கீயைத் தனியாகக் குறித்து வைத்த பிறகே இதில் இறங்குங்கள்.

மாறிய பிறகு...

'லினக்ஸில் வைரஸே வராது' என்பார்கள். நம்பாதீர்கள். ஆபத்து குறைவு, அவ்வளவுதான். மின்ட்டில் இருக்கும் சாஃப்ட்வேர் மேனேஜர், போனில் பிளே ஸ்டோர் மாதிரி. ஆப்ஸை அங்கிருந்தே இறக்குங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். யாரோ அனுப்பும் லிங்க்கை க்ளிக் செய்து ஓ.டி.பி-யைக் கொடுத்தால் எந்த ஓ.எஸ்ஸும் காப்பாற்றாது.

போனில் இருக்கும் போட்டோக்களை லேப்டாப்புக்கு மாற்ற, 'கே.டி.இ கனெக்ட்' ஆப்பை இரண்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் கேபிளே வேண்டாம்.

முதல் ஒரு வாரம் கை விண்டோஸையே தேடும். அதன்பிறகு பழகிவிடும். உங்கள் லேப்டாப்பின் ஆயுள் முடிந்ததா இல்லையா என்பதை ஒரு நிறுவனத்தின் காலண்டர் மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நீங்களும் முடிவு செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்டிரைவோடு உட்கார்ந்து நாலாவது ஸ்டெப் வரை மட்டும் போய்ப் பாருங்களேன். அதற்கு மேல் போவதா வேண்டாமா என்று உங்கள் லேப்டாப்பே சொல்லிவிடும்!